குடியை விட நினைக்கிறீர்களா? பக்கத்திலேயே ஒரு மீட்புக் குழுவைத் தேடிப் பிடிப்பதற்கான முழு வழிகாட்டி

சபரிமலைக்கு மாலை போட்ட நாளிலிருந்து ஒரு சொட்டுகூடத் தொடாமல் விரதம் இருந்தவர், மலையிறங்கி வந்து மாலையைக் கழற்றிய வாரத்திலேயே மறுபடி கடை வாசலில் நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டவர்கள், பிள்ளையின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தவர்கள் கதையும் பல நேரம் இப்படித்தான் போகிறது. இவர்களுக்கு மனவுறுதி இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஒரு மண்டலம் நிறுத்திக் காட்டியவர்கள்தானே! விரத நாட்களில் அவர்களைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். குருசாமி இருந்தார், கூடவே மாலை போட்டவர்கள் இருந்தார்கள், சாயங்காலமானால் பஜனை இருந்தது. மாலையைக் கழற்றியதும் அந்தச் சுற்றம் கலைந்துவிட்டது, சாயங்காலம் மட்டும் அப்படியே மிச்சம் இருந்தது.

மீட்புக் குழு அந்தச் சாயங்காலத்துக்கானது. குடியை நிறுத்த மருத்துவமனை உதவும். நிறுத்திய பிறகு வருகிற மாதங்களையும் வருடங்களையும் கடக்க, அதே பாதையில் முன்னால் நடந்துபோன நாலு பேர் வேண்டும். 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையோ உதவியோ பெற்றிருக்கிறார். மற்ற 37 பேரும் தனியாகப் போராடுகிறார்கள், இல்லையென்றால் போராடுவதையே விட்டுவிட்டார்கள். அவர்களில் ஒருவருக்காகவும், அவர் வீட்டில் தூக்கமில்லாமல் கிடப்பவருக்காகவும் இதை எழுதுகிறேன்.

குழு தேடுகிறவர்கள் பெரும்பாலும் "எது நல்ல குழு?" என்று கேட்கிறார்கள். என் அனுபவத்தில், அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: "நான் வழக்கமாகக் குடிக்கப் போகிற நேரத்தில், என்னால் போய்ச் சேரக்கூடிய குழு எது?" இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் உடம்பைக் கவனியுங்கள்

தினமும் குடித்தவர், அதுவும் பல வருடங்களாகக் குடித்தவர், ஒரு வைராக்கியத்தில் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. குழுவைத் தேடுவதற்கு முன்பே இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உயிர் போகிற விஷயம் இது.

கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 மணி நேரம் முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். முதல் 2 நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், இன்று என்ன கிழமை என்று தெரியாது. கிராமங்களில் இதைப் பேய் பிடித்துவிட்டது என்று நினைத்து மந்திரிக்க அழைத்துப் போவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சிகிச்சை கிடைத்தால் சரியாகிவிடும், கிடைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா? நடுக்கத்தை அடக்கவே ஒரு கட்டிங் தேவைப்படுகிறதா? முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா? இதில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் முதலில் மருத்துவர், பிறகுதான் குழு. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளிநோயாளிச் சீட்டு வாங்கும்போது "குடியை நிறுத்த வந்திருக்கிறேன்" என்று சொன்னால் அங்கே அனுப்பிவிடுவார்கள். தமிழக அரசு 2025-இல் 'கலங்கரை' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் அது எங்கே என்றும் அங்கேயே கேளுங்கள். நடுக்கத்தைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகளையும் பி1 வைட்டமினையும் மருத்துவர் கணக்குப் பார்த்துக் கொடுப்பார். மருந்துக்கடையில் நாமாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவது கூடவே கூடாது.

தேடுவது மையத்தையா, குழுவையா?

நம் ஊரில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். மறுவாழ்வு மையம் என்பது ஆளைத் தங்கவைத்துச் சிகிச்சை தருகிற இடம். அதற்குக் கட்டணம், ஊழியர்கள், அனுமதி எல்லாம் உண்டு. மீட்புக் குழு என்பது குடியிலிருந்து மீண்டவர்களும் மீள முயல்பவர்களும் வாரத்தில் சில நாட்கள் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் கூடிப் பேசுகிற இடம். யாரையும் பூட்டி வைப்பதில்லை, கட்டணம் இல்லை, விருப்பப்பட்டால் வரலாம், போகலாம்.

போனில் "குடிப்பழக்கம் நிறுத்த உதவி" என்று தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் கட்டண மையங்களின் விளம்பரங்கள்தான். "நாங்களே வண்டியில் வந்து அழைத்துக்கொள்கிறோம்" என்று ஆசை காட்டுபவர்களிடம் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். தங்கிச் சிகிச்சை பெறும் தேவை உண்மையிலேயே இருந்தால், அந்த மையம் மாநில மனநல ஆணையத்திடம் பதிவு பெற்றிருக்கிறதா, மனநல மருத்துவர் வருகிறாரா, வீட்டார் நேரில் பார்க்கவும் போனில் பேசவும் விடுகிறார்களா என்று கேளுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடிநோயும் அடங்கும். அடிப்பது, கட்டி வைப்பது, விஷயத்தை மறைத்து அடைத்து வைப்பது எதையும் அந்தச் சட்டம் சிகிச்சையாக ஏற்பதில்லை.

சரி, குழுக்களில் என்னென்ன இருக்கின்றன?

பரவலாக இருப்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. அமெரிக்காவின் அக்ரன் நகரில் 1935-இல், குடியால் சீரழிந்த ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்ததில் பிறந்தது. இன்னொரு குடிநோயாளியிடம் மனம்விட்டுப் பேசினால் தன் குடிவெறி தணிகிறது என்று அந்தத் தரகர் கண்டுகொண்டார். இன்று வரை அந்தக் குழுக்களின் உயிர்நாடி அதுதான். சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். சந்தா கிடையாது. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்களின் மரபு. டீச் செலவுக்கும் வாடகைக்கும் வந்தவர்களிடையே ஒரு பை சுற்றி வரும், இருப்பவர் போடலாம்.

இதெல்லாம் வெறும் நம்பிக்கைதானா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 27 ஆய்வுகளை, 10,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களோடு அலசிய ஆய்வறிக்கை ஒன்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரன் அமைப்பிடமிருந்து 2020-இல் வந்தது. ஏ.ஏ.வையும், அதில் இணைந்து நிற்க வழிகாட்டும் முறையான சிகிச்சைகளையும் பிற உளவியல் சிகிச்சைகளோடு அது ஒப்பிட்டது. முற்றாகக் குடிக்காமல் இருப்பது என்ற அளவுகோலில், முறைப்படி ஏ.ஏ.வில் இணைத்துவிடுகிற சிகிச்சை மற்றவற்றைவிடக் கூடுதல் பலன் தந்ததாக அறிக்கை சொல்கிறது. எல்லோருக்கும் பலிக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. ஆனால் முயன்று பார்க்க இது போதுமான காரணம்.

குடிப்பவரின் குடும்பத்தாருக்கு 1951-இல் தொடங்கிய அல்-அனான் இருக்கிறது, பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அலாட்டீன். இவை தவிர, சிகிச்சை முடிந்து போனவர்களை மாதம் ஒருமுறையோ வாரம் ஒருமுறையோ கூட்டுகிற மருத்துவமனைக் குழுக்கள் உண்டு. சென்னை இந்திரா நகரில், சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய அமைப்பு நடத்தும் டி.டி.கே. மருத்துவமனை, சிகிச்சைக்குப் பிந்தைய தொடர்பையும் குடும்பத்துக்கான ஆலோசனையையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே வைத்து வளர்ந்த இடம். கடவுள், பிரார்த்தனை என்ற பேச்சே வேண்டாம் என்பவர்களுக்கு, உளவியல் பயிற்சிகளை அடிப்படையாகக் கொண்ட ஸ்மார்ட் ரிக்கவரி போன்றவற்றின் இணையவழிக் கூட்டங்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன.

எங்கே கேட்பது?

நான் முதலில் சொல்வது மருத்துவமனை மனநலப் பிரிவைத்தான். அங்கே இருக்கும் ஆலோசகருக்கோ சமூகப் பணியாளருக்கோ உங்கள் பகுதியில் எந்தக் கூட்டம் உண்மையிலேயே நடக்கிறது, எது பெயருக்கு இருக்கிறது என்பது தெரிந்திருக்கும். பல ஊர்களில் ஏ.ஏ. உறுப்பினர்களே வார்டுக்கு வந்து நோயாளிகளிடம் பேசுவதும் உண்டு. அவர்கள் வருகிற நாளைக் கேட்டு அன்றைக்குப் போனால் தேடலே முடிந்துவிடும்.

அப்புறம் தொலைபேசி. 14446 என்பது மத்திய சமூக நீதித் துறையின் போதை மீட்பு உதவி எண். 14416 என்பது டெலி-மானஸ் மனநல உதவி எண், இதில் தமிழில் பேசலாம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. ராத்திரி 2 மணிக்குத் தூக்கம் வராமல் புரளும்போதும் 14416-ஐ அழைக்கலாம். "எனக்கு அட்வைஸ் வேண்டாம், என் ஊருக்குப் பக்கத்தில் எங்கே கூட்டம் நடக்கிறது, அரசு மையம் எங்கே இருக்கிறது, அதைச் சொல்லுங்கள்" என்று நேராகக் கேளுங்கள். கேள்வி தெளிவாக இருந்தால் பதிலும் தெளிவாக வரும்.

ஏ.ஏ. அமைப்பின் இந்திய இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்டங்களைத் தேடலாம். அங்கிருந்து எடுத்த விவரத்தைப் போனில் உறுதி செய்துகொள்ளாமல் பஸ் ஏறாதீர்கள். இடம் மாறியிருக்கும், நேரம் மாறியிருக்கும். முதல் தடவையே பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால், அந்த ஏமாற்றமே அன்றைக்குக் குடிக்க ஒரு சாக்காகிவிடும்.

ஊருக்குள் கேட்க வேண்டுமானால் தேவாலயங்களிலும் பள்ளிகளிலும் கேட்டுப் பாருங்கள். கூட்டங்களுக்குச் சும்மாவோ சிறு வாடகைக்கோ இடம் தருபவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். இடம் தேவாலய வளாகத்தில் இருப்பதால் அது மதக் கூட்டம் ஆகிவிடாது. எந்த மதத்தவரும் வரலாம், யாரும் யாரையும் மாற்ற வருவதில்லை.

அந்த முதல் போன்

எண்ணை வாங்கி நாட்கணக்கில் சட்டைப் பையிலேயே வைத்திருப்பவர்கள் உண்டு. என்ன பேசுவது என்று தெரியாத தயக்கம்தான் பாதி. மறுமுனையில் எடுப்பவரும் ஒரு காலத்தில் இதே போனைச் செய்தவர் என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"சார் வணக்கம். ஜி.ஹெச்.ல உங்க நம்பர் குடுத்தாங்க. குடியை விடலாம்னு இருக்கேன்."

"ரொம்ப சந்தோசம் தம்பி. பேரெல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம். எந்தப் பக்கம் இருக்கீங்க?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி சார்."

"அப்ப ஏழு மணிக் கூட்டம் உங்களுக்கு நடந்து வர்ற தூரம்தான். இன்னைக்குக் குடிச்சிருக்கீங்களா?"

"காலைல கொஞ்சம் சார். கை நடுங்குது, அதான்."

"சரி, ஒண்ணும் பரவாயில்ல. நடுக்கம் இருந்தா நாளைக்குக் காலைல டாக்டரைப் பாத்துருவோம், நான் கூட வர்றேன். இன்னைக்கு சாயங்காலம் வாசல்லயே நிக்கிறேன். நீங்க வந்தா மட்டும் போதும்."

"நாளைக்குக் கூட வர்றேன்" என்று சொல்கிற அந்த வார்த்தை இந்தக் குழுக்களில் சம்பிரதாயப் பேச்சு இல்லை. புதிதாக வருபவருக்குத் துணை போவதைத் தன் மீட்சியின் ஒரு பகுதியாகவே அவர்கள் நினைக்கிறார்கள். தொந்தரவு கொடுக்கிறோமோ என்று கூச வேண்டாம்.

அந்தப் போனிலேயே சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டம் எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு? அடையாளம் சொல்லத்தக்க கட்டடம் எது? பேச்சு தமிழிலா, ஆங்கிலத்திலா? அது திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா? திறந்த கூட்டத்துக்கு மனைவியோ நண்பரோ கூட வரலாம். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புபவர்களுக்கு மட்டும். தனியாகப் போகக் கால் வராதவர்கள் திறந்த கூட்டத்தில் தொடங்கினால் எளிது.

நேரமும் தூரமும்

டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. இந்த 10 மணி நேரத்தில் உங்களுக்கு மிகவும் கஷ்டமான நேரம் எது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வேலை விட்டு வரும் 6 மணியா? சனிக்கிழமைக் கூலி வாங்கிய பிறகா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் கறிச்சோற்றுக்கு முன்னாலா? அந்த நேரத்தில் நடக்கிற கூட்டம் எதுவோ அதுதான் உங்கள் கூட்டம். ஊரின் அந்தக் கோடியில் பிரமாதமாகப் பேசுகிறவர்கள் இருக்கிற குழுவைவிட, ஏழெட்டுப் பேர் மட்டுமே வரும் பக்கத்துத் தெருக் குழு மேல். ஏனென்றால் மழை பெய்கிற நாளிலும், மனைவியோடு சண்டை போட்ட நாளிலும், பையில் பத்து ரூபாய்கூட இல்லாத நாளிலும் போய்ச் சேர வேண்டும். கூட்டத்துக்குப் போகிற வழியில் எத்தனை கடை இருக்கிறது என்பதையும் பாருங்கள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே கடை என்றால் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடப்பது நல்லது.

தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களே என்ற பயம் இருந்தால், முதல் சில வாரம் இரண்டு நிறுத்தம் தள்ளி இருக்கும் குழுவுக்குப் போகலாம். சின்ன ஊர்களில் இந்தப் பயம் நியாயமானதுதான். அங்கே உங்களைப் பார்க்கிறவரும் அதே காரணத்துக்காக வந்தவர்தான் என்றாலும், அது மனத்தில் பதியக் கொஞ்ச நாள் ஆகும்.

முதல் நாள் உள்ளே என்ன நடக்கும்?

பெரும்பாலும் ஒரு பள்ளி வகுப்பறை, இல்லையென்றால் சின்ன ஹால். பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவரில், குடியிலிருந்து மீள ஏ.ஏ. காட்டும் வழியான பன்னிரண்டு படிகளும், குழுக்கள் நடக்க வேண்டிய முறையான பன்னிரண்டு மரபுகளும் எழுதிய துணிப் பதாகைகள், கூட்டம் முடிந்ததும் சுருட்டி எடுத்துப் போவதற்கு வசதியாகக் கயிற்றில் கட்டியிருக்கும். ஒரு மேசை, அதில் சில புத்தகங்களும் துண்டுப் பிரசுரங்களும். ஒருவர் கூட்டத்தை நடத்துவார். அவர் தலைவர் இல்லை, இந்தப் பொறுப்பு ஆளுக்கு ஆள் மாறிக்கொண்டே இருக்கும்.

ஒரு நிமிட மௌனம், ஒரு சிறு பிரார்த்தனை, பிறகு பகிர்வு. எழுந்து நிற்கிறவர் தன் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்பார். எல்லோரும் வணக்கம் சொல்வார்கள். பிறகு அவர் பேசுவதை யாரும் குறுக்கிடமாட்டார்கள், வாதாடமாட்டார்கள், அறிவுரை சொல்லமாட்டார்கள். ஒருவர் மகள் கல்யாணத்தில் குடித்துவிட்டுப் பந்தியில் விழுந்ததைச் சொல்வார். இன்னொருவர் மனைவியின் தாலிச் செயினை அடகு வைத்ததைச் சொல்வார். கேட்கிறவர்கள் முகத்தில் அருவருப்பு இருக்காது. பல நேரம் தலையாட்டுவார்கள், சில இடத்தில் எல்லோரும் சேர்ந்து சிரிப்பார்கள், சொல்கிறவரும் சேர்ந்து சிரிப்பார். வெளியே யாரிடமும் சொல்ல முடியாமல் நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிட்டு அவர் உட்காரும்போது, முதல்முறை வந்தவருக்கு "நான் மட்டும் இல்லை" என்று தோன்றும். எத்தனையோ பேர் தங்களை அங்கே நிறுத்தியது அந்த நொடிதான் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நீங்கள் பேசியே ஆக வேண்டும் என்பதில்லை. "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்றால் போதும். முழுப் பெயர், வேலை, சாதி, ஊர் எதையும் சொல்ல வேண்டாம். அங்கே பார்த்தவரைப் பற்றியும் கேட்டதைப் பற்றியும் வெளியே பேசுவதில்லை என்பது எல்லோரும் காக்கிற கட்டுப்பாடு, நீங்களும் காக்க வேண்டும். யாருக்காவது குடியை விட்டு ஒரு வருடம், ஐந்து வருடம் ஆகியிருந்தால் அன்று பிறந்தநாள் கொண்டாடுவார்கள். பல நேரம் மனைவியும் பிள்ளைகளும் வந்து பதக்கம் கொடுப்பார்கள். முதல் நாளே அப்படி ஒரு கூட்டம் அமைந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

குடித்துவிட்டீர்களா? இருந்தாலும் போங்கள், வண்டியை மட்டும் ஓட்டாதீர்கள். அன்றைக்குப் பேசாமல் உட்காரச் சொல்வார்கள், வெளியே தள்ளமாட்டார்கள்.

கடவுள் பேச்சு பலருக்கு உறுத்தும். படிகளில் 'நம்மை மீறிய ஒரு சக்தி' என்று வரும். அது முருகனாக இருக்கலாம், அல்லாவாக, ஏசுவாக இருக்கலாம், அந்தக் குழுவே அந்தச் சக்தி என்று எடுத்துக்கொண்டு பல வருடம் குடிக்காமல் இருக்கிற நாத்திகர்களும் உண்டு. இதற்காக மட்டும் எழுந்து போய்விடாதீர்கள்.

ஒரே நாளில் முடிவு கட்டாதீர்கள்

முதல் கூட்டம் பிடிக்காமல் போவது சகஜம். கை நடுக்கத்தோடும் வெட்கத்தோடும் உட்கார்ந்திருப்பவருக்கு எதுதான் பிடிக்கும்? ஒரே குழுவுக்குக் குறைந்தது ஆறு தடவையாவது போய்ப் பாருங்கள், அதற்குள் இன்னொரு குழுவையும் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சுபாவம் உண்டு. ஒன்றில் வயதானவர்கள் அதிகம், ஒன்றில் ஆட்டோ ஓட்டுபவர்களும் கட்டட வேலைக்காரர்களும், ஒன்றில் ஐ.டி. ஆட்கள். உங்கள் கதையை ஒத்த கதை எங்கே கேட்கிறதோ அங்கே மனம் ஒட்டும். ஏ.ஏ.வில் பழகியவர்கள் புதியவரிடம் 90 நாளில் 90 கூட்டம் என்பார்கள். சென்னை, மதுரை, கோவை போன்ற இடங்களில் வேறு வேறு குழுக்களுக்கு மாறி மாறிப் போய் அதற்குக் கிட்டத்தட்ட வர முடியும். சின்ன ஊரில் வாரத்துக்கு இரண்டு நேர்க்கூட்டம், மற்ற நாட்களில் இணையவழிக் கூட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் சில விஷயங்களைப் பார்த்தால் ஆறு தடவை பொறுக்க வேண்டாம், உடனே வேறு குழுவுக்குப் போங்கள். சேர்வதற்குக் கட்டணம் கேட்டால். மருத்துவர் கொடுத்த மனநல மாத்திரையோ வலிப்பு மாத்திரையோ "அதுவும் போதைதான், நிறுத்து" என்று யாராவது வற்புறுத்தினால். உறுப்பினர் யாரும் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏ.ஏ.வே சொல்கிறது. நீங்கள் பகிர்ந்தது ஊருக்குள் கதையாகத் திரும்பி வந்தால். புதிதாக வந்தவரிடம் கடன் கேட்டால், வியாபாரத்துக்கு ஆள் சேர்த்தால், தப்பான நெருக்கம் காட்டினால். ஓர் ஆளின் தவறுக்காக மீட்பு வழியையே விட்டுவிடாதீர்கள், கதவை மட்டும் மாற்றுங்கள்.

பெண்கள் என்றால்

குடிக்கிற பெண்ணுக்கு நம் சமூகத்தில் கிடைக்கிற ஏச்சு ஆணுக்குக் கிடைப்பதில்லை. அதனாலேயே அவர்கள் கடைசிவரை மறைக்கிறார்கள், உதவி தேடி வரும்போது உடம்பு மிகவும் கெட்டிருக்கிறது. பல கூட்டங்களில் ஆண்கள் மட்டுமே இருப்பார்கள். அதனால் போன் செய்யும்போதே, "பெண் உறுப்பினர் யாராவது பேச முடியுமா?" என்று கேளுங்கள். உங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் வேறு ஊரில் இருப்பவரோடு இணைத்துவிடுவார்கள். பெண்களுக்கென்றே நடக்கும் இணையவழிக் கூட்டங்கள் பெரிய உதவி. நேரில் போவதென்றால் முதல் சில தடவை திறந்த கூட்டத்துக்கு, நம்பிக்கையான துணையோடு போங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

"அவர் வரவே மாட்டேன் என்கிறார், நான் என்ன செய்ய?" என்று கேட்கிற மனைவிகளும் அம்மாக்களும்தான் அதிகம். உங்களுக்கு என் பதில்: நீங்கள் முதலில் போங்கள். அல்-அனான் கூட்டம் உங்களுக்கானது. அவரை எப்படித் திருத்துவது என்று அங்கே சொல்லித்தர மாட்டார்கள். அவர் குடித்த பாட்டிலை எண்ணுவதிலும், அவருக்காக முதலாளியிடம் பொய் சொல்வதிலும், கடனை அடைப்பதிலும் கரைந்துபோன உங்கள் வாழ்க்கையை எப்படி மீட்பது என்று அதே நிலையில் இருந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். வீட்டில் ஒருவர் மாறும்போது, மற்றவரும் ஒருநாள் "எங்கே போய்ட்டு வர்ற?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குக் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.

குடித்திருக்கும்போது இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். காலையில், நடுக்கமும் குற்றவுணர்வும் இருக்கிற நேரத்தில், "சாயங்காலம் ஒரு இடத்துக்குப் போலாமாங்க? நானும் வர்றேன்" என்று ஒரே வரியில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தும் மருந்து" என்று சுவரிலும் யூடியூபிலும் விளம்பரம் பார்த்திருப்பீர்கள். குழம்பிலோ காப்பியிலோ அப்படி எதையும் கலக்காதீர்கள். டைசல்ஃபிரம் என்கிற மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் கடும் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்த வீழ்ச்சி ஏற்படும், உயிரே போகலாம். அதை மருத்துவர் சொல்லி, சாப்பிடுகிறவர் முழுச் சம்மதத்தோடு சாப்பிட வேண்டும். வேறென்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத பொடிகள் இதைவிட மோசம்.

சேர்ந்த பிறகு

முதல் மாதத்துக்குள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஐந்து பேருடைய போன் எண்களை வாங்கி, சும்மா இருக்கும்போதே அவர்களிடம் பேசிப் பழகிவிடுங்கள். குடிக்க வேண்டும் என்ற வெறி வந்த பிறகு புதிதாக ஒருவருக்குப் போன் செய்ய யாருக்கும் கை வராது. பழகிய குரல் என்றால் வரும். கொஞ்ச நாள் போனதும், பல வருடம் குடிக்காமல் இருக்கிற ஒருவரை ஸ்பான்சராக, அதாவது உங்களுக்குத் தனிப்பட்ட வழிகாட்டியாக, இருக்கச் சொல்லிக் கேளுங்கள். படிகளை அவரோடு உட்கார்ந்து செய்வீர்கள். பொதுவாக ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று வைத்துக்கொள்வார்கள்.

காலண்டரில் ஆபத்தான நாட்களை முன்கூட்டியே குறித்து வையுங்கள். சம்பள நாள், தீபாவளி, பொங்கல், ஊர்த் திருவிழா, மச்சான் கல்யாணம். காந்தி ஜெயந்திக்குக் கடை மூடுவார்கள் என்பதால் முந்தின நாள் வாங்கி வைக்கிற பழக்கம் இருந்தவருக்கு அந்த முந்தின நாள்தான் கண்டம். துக்க வீடும் அப்படித்தான், சுடுகாட்டிலிருந்து திரும்பும் வழியில் ஊற்றிக் கொடுக்க ஆள் இருப்பார்கள். அந்த நாட்களில் காலையிலேயே குழு நண்பரிடம் பேசிவிட்டுக் கிளம்புங்கள். முடிந்தால் அவரையே அழைத்துப் போங்கள். "மாத்திரை சாப்பிடுறேன், டாக்டர் கூடாதுன்னுட்டார்" என்ற பதிலை முன்பே தயாராக வைத்திருங்கள், அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

வழுக்கி விழுந்துவிட்டால்? மறுநாளே கூட்டத்துக்குப் போங்கள். நீண்ட இடைவெளிக்குப் பிறகு பழைய அளவிலேயே குடித்தால் உடம்பு தாங்காது என்பதையும், மறுபடி தொடர்ந்து குடித்துவிட்டு நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் முன்பைவிடக் கடுமையாக வரலாம் என்பதையும் மறக்க வேண்டாம். அப்படி ஆகியிருந்தால் மறுபடி மருத்துவரிடம்தான் முதலில்.

ஊரில் குழுவே இல்லையென்றால்

முதலில் பக்கத்து நகரத்தில் வாரம் ஒரு கூட்டம், மற்ற நாள் இணையவழி என்று சில மாதம் ஓட்டுங்கள். வெளிநாட்டில் வேலை செய்யும் தமிழர்களுக்கும் இந்த இணையவழிக் கூட்டங்கள் கைகொடுக்கும். ஏ.ஏ.வின் சர்வதேச இணையவழிப் பட்டியலில் மொழிவாரியாகத் தேடலாம்.

அதன் பிறகு, நீங்களே தொடங்கலாம். குடியை விட விரும்பும் இரண்டு மூன்று பேர் அதற்காகவே கூடினால், வேறெந்த அமைப்பின் சார்பும் இல்லாதவரை, அது ஒரு ஏ.ஏ. குழு என்று அவர்கள் மரபே சொல்கிறது. பக்கத்து நகரக் குழுவிடம் சொன்னால் பதாகையும் புத்தகமும் கொடுத்து, முதல் சில வாரம் இரண்டு பேரை அனுப்பியும் வைப்பார்கள். பள்ளித் தலைமையாசிரியரிடமோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ வாரம் ஒரு சாயங்காலத்துக்கு ஓர் அறை கேளுங்கள். நாளையும் நேரத்தையும் ஒருமுறை வைத்துவிட்டால் மாற்றாதீர்கள், யாரும் வராத வாரத்திலும் திறந்து வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருங்கள். சுகாதார நிலையச் சுவரில் நாள், நேரம், ஒரு போன் எண் மட்டும் எழுதிய ஒரு தாளை ஒட்டிவிடுங்கள். அந்த எண்ணுக்கு எந்த நேரத்தில் அழைப்பு வந்தாலும் எடுங்கள்.